முதல் அரை மணி நேரம் இலவசம்: பாரீஸின் பொது சைக்கிள் எப்படி ஓடுகிறது?

பாரீஸ் நகரத் தெருவோரங்களில் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றின் சீட் மட்டும் பின்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால், அதை எடுக்காதீங்க. பிரேக் பிடிக்காது, அல்லது டயரில் காற்று இருக்காது. கடைசியாக ஓட்டியவர் அடுத்து வருபவருக்காக விட்டுச் சென்ற தகவல் அது. அரசாணை போட்டு வந்த நடைமுறை இல்லை. ஓட்டுகிறவர்களே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

இந்தத் திட்டத்தின் பெயர் 'வெலிப்'. பிரெஞ்சு மொழியில் சைக்கிளைக் குறிக்கும் சொல்லையும் சுதந்திரத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி உருவாக்கிய பெயர். 2007 ஜூலை 15 அன்று சுமார் 10,000 வண்டிகள், 750 நிறுத்தங்களோடு தொடங்கியது. ஒரு நிறுத்தத்தில் எடுத்து, போகிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள நிறுத்தத்தில் விட்டுவிடலாம். வீட்டில் சைக்கிள் வைக்க இடம் இல்லையே என்ற கவலை கிடையாது. பஞ்சர் ஒட்டும் வேலையும் நமக்கு இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர ஐரோப்பாவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

எடுத்தது யார்?

நம் ஊர் வாடகை சைக்கிள் கடைக்காரர் முகத்தைப் பார்த்து வண்டி தருவார். நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். ஒரு மாநகரம் யார் முகத்தைப் பார்த்துக் கொடுக்கும்? எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பித்தது.

1965-ல் ஆம்ஸ்டர்டாமில் 'புரோவோ' என்ற இளைஞர் குழு சில சைக்கிள்களுக்கு வெள்ளை வண்ணம் அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வேலை முடிந்ததும் அங்கேயே விடலாம். யோசனை, லுட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவருடையது. எல்லாம் திருடு போய்விட்டதாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் முதலில் எடுத்துப் போனது போலீஸ்தான்! சைக்கிளைப் பூட்டாமல் விடுவது அங்கே சட்டப்படி தவறு. நகர மன்றமும் திட்டத்தை ஏற்கவில்லை.

1995-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் இன்னொரு வழியைச் சோதித்தது. 20 குரோனர் நாணயத்தைப் பூட்டில் போட்டால் வண்டி விடுபடும். திருப்பிப் பூட்டினால் நாணயம் வெளியே வரும். ஆனால் நாணயத்தில் பெயர் எழுதியிருக்காதே. வண்டி திரும்பி வராவிட்டால் யாரைக் கேட்பது?

விடை 1998-ல் பிரான்ஸின் ரென் நகரில் கிடைத்தது. பதிவு செய்தவருக்கு மட்டும் ஒரு மின்னணு அட்டை. அட்டையைக் காட்டினால்தான் பூட்டு திறக்கும். 2005-ல் லியோன் நகரம் இதையே பெரிய அளவில் செய்துகாட்டியது. அதைப் பார்த்துத்தான் பாரீஸ் இறங்கியது.

மேட்டில் விட்டால் 15 நிமிடம் கூடுதல்

வெலிப் வண்டியை எடுக்க ஆப்பிலோ இணையதளத்திலோ பதிவு செய்து, வங்கி அட்டை விவரத்தைத் தர வேண்டும். பாதுகாப்புத் தொகைக்கு அனுமதி மட்டும் வாங்கிக்கொள்வார்கள். வண்டி திரும்பி வராவிட்டால்தான் பணத்தில் கை வைப்பார்கள். சந்தாதாரர்களுக்குச் சாதாரண வண்டியில் ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரை மணி நேரம் இலவசம். அதற்கு மேல் போனால் கட்டணம் ஓடும். இது தள்ளுபடி ஆசை காட்டும் வேலை இல்லை. வண்டியை நாள் முழுக்க ஒருவரே வைத்துக்கொள்ளாமல், சீக்கிரம் அடுத்தவர் கைக்குப் போகட்டும் என்பதற்கான ஏற்பாடு.

பதிவும் கட்டணமும் சரியானாலும் தினசரித் தலைவலி ஒன்று மிச்சம் இருக்கிறது. மோன்மார்த்ர் போன்ற பகுதிகள் குன்றின் மேல் உள்ளவை. காலையில் எல்லாரும் ஜாலியாகக் கீழே இறங்கி வேலைக்குப் போவார்கள். மாலையில் மூச்சு வாங்க மேலே மிதிக்க யாருக்கு மனசு வரும்? மெட்ரோ ஏறிவிடுவார்கள். விளைவு, மேலே வண்டியே இருக்காது. கீழே நிறுத்த இடம் இருக்காது. லாரியில் ஏற்றி இடம் மாற்றத் தனியாக ஆட்கள் வேண்டும், செலவும் ஆகும்.

அதனால் 2008-ல் மேட்டுப்பகுதி நிறுத்தங்களில் வண்டியை விடுகிறவர்களுக்கு 15 நிமிடம் கூடுதல் இலவச நேரம் கொடுத்தார்கள். நிறுத்தம் நிரம்பியிருந்தால், பக்கத்து நிறுத்தத்துக்குப் போகவும் 15 நிமிடம் கிடைத்தது. அபராதம் போட்டு மிரட்டாமல் நேரத்தைப் பரிசாகக் கொடுத்தது நல்ல யோசனை என்றே தோன்றுகிறது. லாரி மட்டும் நிற்கவில்லை, இன்றும் ஓடுகிறது.

திருட்டும் சேதமும்கூட இருந்தன. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான வண்டிகள் காணாமல் போயின, உடைக்கப்பட்டன.

2018 ஜனவரியில் நடந்தது

பெரிய அடி வந்தது திருடர்களால் இல்லை, ஒப்பந்த மாற்றத்தால். பத்தாண்டு நடத்திய நிறுவனத்தின் காலம் முடிந்து, 2018 ஜனவரி 1 முதல் புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. அன்றைக்கு 600 நிறுத்தங்கள் தயாராக இருந்திருக்க வேண்டும், நூறுகூடத் தயாராகவில்லை. பழைய நிறுத்தங்களைப் பெயர்த்துப் புதியவை போடும் வேலை தாமதமானது. போட்ட பல நிறுத்தங்களுக்கும் மின் இணைப்பு வரவில்லை. பேட்டரியில் ஓட்டினார்கள், அது தீர்ந்தால் பூட்டு திறக்காது. ஆப் ஒன்று சொல்லும், நேரில் வேறொன்று இருக்கும். மாதக்கணக்கில் சந்தாதாரர்கள் அல்லாடினார்கள். நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது, சந்தாதாரர்களுக்கு இழப்பீடும் போனது. பிறகு திட்டம் மெல்ல மீண்டது. இப்போது பச்சை நிறத்தில் சாதாரண வண்டி, நீல நிறத்தில் மின்சார வண்டி என இரண்டும் ஓடுகின்றன.

வேலைக்குக் கிளம்பும் ஒருவர் காலை எட்டு மணிக்கு ஆப்பை நம்பித்தான் வீட்டை விட்டு இறங்குகிறார். இரண்டு நாள் ஏமாந்தால் மூன்றாம் நாள் பைக்கை எடுத்துவிடுவார்.

பாதை இல்லாமல் சைக்கிள் எதற்கு?

வெயில் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயினின் செவில் பதில் சொல்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. 2006-லிருந்து சில ஆண்டுகளுக்குள், கார் நிறுத்தும் இடங்களை எடுத்துக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் தனிச் சைக்கிள் பாதை போட்டார்கள். துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றோடு ஒன்று இணைந்த பாதை. 2007-ல் வாடகை சைக்கிளும் வந்தது. அதுவரை தெருவில் தேடிப் பார்க்க வேண்டியிருந்த சைக்கிள்காரர்கள் பல மடங்கு பெருகினார்கள். பாரீஸும் 2020-ல் நகர மையத்தின் ரிவோலி சாலையின் பெரும்பகுதியைச் சைக்கிளுக்கு ஒதுக்கியது.

நெதர்லாந்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் சொந்த சைக்கிள் உண்டு. ரயிலில் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு ரயில் நிறுவனமே நிலையங்களில் வாடகை சைக்கிள் தருகிறது. ரயில் பயண அட்டையையே காட்டினால் போதும். சொந்த வண்டியில் வருபவர்களுக்கு உத்ரெக்ட் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் நிற்கும் நிறுத்துமிடம் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெலிப் ஓட்ட 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பார்சிலோனாவின் 'பைசிங்' உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்; சுற்றுலாப் பயணிகள் தனியார் கடைகளில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். வண்டியை விட்டதும் பூட்டு விழுந்ததா, பயணம் முடிந்ததாக ஆப்பில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்க. இல்லையென்றால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். பிரான்ஸில் சைக்கிள் ஓட்டும்போது காதில் இயர்போன் இருந்தாலோ கையில் போன் இருந்தாலோ 135 யூரோ அபராதம். வழி பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்க.