அம்பாசிடருக்கு ஐந்தாவது கியர்

பழைய அம்பாசிடரைத் தினசரி ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த இன்ஜின் போடலாம்?" என்றுதான். பாதித் தொல்லை இன்ஜினில் இல்லை, கியர் பாக்ஸில் இருக்கிறது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான இந்தக் காரின் பழைய 1489 சிசி இன்ஜினுக்கு நான்கே கியர். நான்காவதில் இன்ஜின் சுற்றுகிற அதே வேகத்தில்தான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சுற்றும். பின் ஹவுசிங்கில் உள்ள கிரவுன் பினியன் அதை நாலரை மடங்குக்குக் குறையாமல் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அந்த 15 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 முறை சுழலும். இன்ஜினோ 3,000 சுற்றை ஒட்டிவிடும். பைபாஸில் பேச்சுக்குரல் கேட்காத அளவுக்கு அது கத்துவது இதனால்தான்.

இதற்குத் தீர்வைக் கம்பெனியே தந்தது. 1990-களின் தொடக்கத்தில் இதே பாடியில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்தன. ஐந்தாவது கியரில் இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். அதனால் இன்ஜின் சத்தமும் தேய்மானமும் குறையும். கண்ட காரின் இன்ஜினைத் திணிப்பதைவிட, நல்ல நிலையில் உள்ள ஒரு இசுசு அம்பாசிடரிலிருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், மவுண்டிங், ஷாஃப்ட் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுப்பதே புத்திசாலித்தனம். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டினால் கட்டாயம் பேலன்ஸ் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அறுபதைத் தாண்டியதும் கார் அதிரும், யு.ஜே. கிராஸ் சீக்கிரம் போய்விடும்.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். பழைய வண்டிக்கு நான்கு பக்கமும் டிரம்தான். சக்தியைக் கூட்டிவிட்டு முன்பக்கம் டிஸ்க் போடாமல் விடுவது ஆபத்து.

பலர் கவனிக்காதது சட்டம். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டிய கார் விண்டேஜ் பதிவு பெற, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்டவும் கூடாது. ஆகவே கண்காட்சிக்கா, தினசரி ஓட்டத்துக்கா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஓட்டத்துக்குத்தான் என்றால், மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்ஜின் மாற்ற அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் ஏறாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டி வரும்.