ரெம்பிரான்ட் ஒளியமைப்பு

ரெம்பிரான்ட் ஒளியமைப்பு என்பது உருவப்படங்கள் எடுக்கும்போது கையாளப்படும் ஒளியமைப்பு முறைகளுள் ஒன்றாகும். இதில் முகத்தின் ஒரு பக்கம் ஒளியிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கும். நிழற்பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, தலைகீழ் முக்கோண வடிவில் சிறு ஒளித்திட்டு ஒன்று விழும். இத்திட்டு கண்ணைவிட அகலமாகவும் மூக்கைவிட நீளமாகவும் இருக்கலாகாது என்பது மரபு.

பெயர்

நெதர்லாந்து ஓவியர் ரெம்பிரான்ட் (1606–1669) வரைந்த உருவப்படங்கள் பலவற்றில் இத்தகைய ஒளியைக் காணலாம். 1870களில் நியூயார்க்கில் ஸ்டுடியோ நடத்திய வில்லியம் கர்ட்ஸ் இப்பாணியில் எடுத்த ஒளிப்படங்களுக்குப் பெயர் பெற்றிருந்தார். திரைப்படத் துறையில் இப்பெயரைப் பரப்பியவர் இயக்குநர் செசில் பி. டெமில். 1915இல் வெளியான 'தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா' படத்தில் நடிகரின் பாதி முகமே தெரிவதால் திரையரங்கினர் பாதி விலையே தருவர் என்று தயாரிப்புத் தரப்பில் முறையிட்டபோது, இது ரெம்பிரான்ட் ஒளி என்று அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது.

அமைக்கும் முறை

முதன்மை விளக்கு, அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டிலும், கண்மட்டத்துக்கு மேலே அதே அளவு சாய்விலும் வைக்கப்படும். இந்த எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. முகத்துக்கு முகம் இவை மாறும். மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலைத் தொடும்வரை விளக்கை நகர்த்த வேண்டும். இரு நிழல்களும் சேர்ந்தால்தான் முக்கோணம் மூடும். சேராவிடில் அது வளைய ஒளியமைப்பு எனப்படும் வேறொரு முறையாகிவிடும். மூக்கு சிறியதாக உள்ளவர்களுக்கு நிழல் குறுகி விழுவதால், விளக்கை மேலும் பக்கவாட்டில் கொண்டுசெல்ல நேரும். கண்கள் குழிந்திருப்பவர்களுக்கு விளக்கை உயர்த்தினால் நிழற்பக்கக் கண் இருண்டுவிடும். அவர்களுக்கு விளக்கைச் சற்றுத் தாழ்த்துவதே நல்லது. அக்கண்ணிலும் விளக்கின் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

நிழலின் அடர்த்தியைக் குறைக்க மறுபுறம் ஒரு வெண்ணிறத் தெர்மாகோல் பலகை போதும். பலகை நெருங்க நெருங்க நிழல் வெளிறும். ஒளிப்பக்கம் நிழற்பக்கத்தைவிட 4 மடங்கு ஒளி பெற்றால் விகிதம் 4:1 ஆகும். கேமரா கணக்கில் இது 2 ஸ்டாப் வேறுபாடு. விளக்கை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளினால், எதிர்விகித இருமடி விதிப்படி, முகத்தில் விழும் ஒளி ஏறக்குறைய கால் பங்காகும்.

கருநிற முகங்கள்

கேமராவிலுள்ள ஒளிமானி, தன் முன் உள்ளது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கொள்கிறது. தொடர்ந்து எரியும் விளக்கில், கருநிற முகத்தை மட்டும் அளந்து படமெடுத்தால் முகம் இயல்பைவிட வெளிறிப்போகும், முக்கோணமும் மங்கும். பலர் இதைத் தோலின் குறையாகக் கருதுவது தவறு, பிழை அளவீட்டில்தான் உள்ளது. கையடக்க ஒளிமானியை முகத்தருகே பிடித்து, விழும் ஒளியை அளந்தால் இச்சிக்கல் எழாது. கருநிறத் தோலில் முகத்தின் வடிவைப் பெரிதும் காட்டுவது அதன் மீது தெரியும் ஒளிப் பிரதிபலிப்பே. எனவே சிறு விளக்கைவிட, குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் போன்ற பரந்த ஒளிமூலத்தை அருகில் வைப்பது ஏற்றது.