பில் வேணுமா, தம்பி?

பேசின் பிரிட்ஜ் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சுகிற இடத்தில் பெரிய கேபினட் நிற்காது. அதனால்தான் கேம் ஆட ஆசைப்படும் பிள்ளைகள் மினி ஐடிஎக்ஸ் பக்கம் போகிறார்கள். மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். முழுக் கம்ப்யூட்டரும் டிவி ஸ்டாண்டிலேயே அடங்கிவிடும். மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரல், அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான். மாதக்கணக்கில் சேர்த்த பணம் ஒரே மதியத்தில் கைமாறும்.

அப்போது வரும் கேள்விதான் மேலே தலைப்பில் இருப்பது. பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். தயவுசெய்து அந்த மிச்சம் வேண்டாம். மூன்றாம் மாதம் கிராபிக்ஸ் கார்டு திரையில் கோடு கோடாக விட்டால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பில் தராமல் விற்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைப் பார்த்துத் தயங்கவும் வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில்தான் வரும். பில்லில் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால், இங்கே வாரண்டி உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சின்னப் பெட்டிக்கென்றே ஓர் ஆபத்து உண்டு: உள்ளே எல்லாம் நெருக்கம். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2020-இல் விற்ற எச்1 பெட்டியில், கிராபிக்ஸ் கார்டுக்கான ரைசர் பலகையை முடுக்கிய திருகு, 12 வோல்ட் ஓடும் செப்புத் தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகி, சிலரது பெட்டியில் தீயே பிடித்தது. முதலில் நைலான் திருகு அனுப்பினார்கள். அது போதவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 பெட்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. ‘நீ சரியாக மாட்டவில்லை’ என்று வாங்கியவரையே குற்றம் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இது சாட்சி. நம் சட்டத்திலும் தயாரிப்புக் குறையால் நேரும் சேதத்துக்கு உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டும். ஆபத்தான பொருளைத் திரும்பப்பெற உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. செகண்ட் ஹேண்டில் எச்1 கிடைத்தால் ரைசர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.

வீட்டையும் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக்தான் காரணம். உடனே ஆஃப் செய்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்துச் செருகவே கூடாது.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சொந்தப் பிழைப்புக்காகச் சின்ன கேமிங் சென்டர் நடத்துபவரும் நுகர்வோர்தான். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். கோளாறு முதலில் தெரிந்த தேதியை அன்றைக்கே பில்லின் பின்புறம் எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள்.