உஸ்மான் சாலையில் ஒரு பாலைவனம்

கோடையில் ஒரு மாலை வெள்ளைச் சட்டையுடன் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நடந்துவிட்டு வாருங்கள். வீடு திரும்பியதும் காலரைப் பாருங்கள். கடலோர நகரமான சென்னையில் இத்தனை புழுதி எப்படிக் கிளம்புகிறது?

விடை காணப் பாலைவனத்துக்குச் செல்வோம். தார்ப் பாலைவனத்தில் கோடையில் வீசும் புழுதிப் புயலை 'ஆந்தி' என்பார்கள். காற்று வலுக்கும்போது முதலில் எழுவது மாவு போன்ற நுண்தூசி என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! நுண்தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சுமார் 0.1 மி.மீ. பருமனுள்ள மணல்தான் முதலில் கிளம்பி, தத்தித் தத்திப் பாய்கிறது. அது விழுந்து மோதும்போது நுண்தூசி தெறித்து மேலெழுகிறது. மணல் தரையை ஒட்டியே நின்றுவிடும்; தூசியோ நெடுந்தூரம் போகும். சகாராவின் தூசி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமேசான் காடு வரை செல்கிறது!

உஸ்மான் சாலையில் மணலின் வேலையை வண்டிச் சக்கரங்கள் செய்கின்றன. சாலையோர மண்ணை அரைத்துக் கிளப்பிவிடுகின்றன. அதனுடன் டீசல் புகையும் கலக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத காற்றில் 10 மைக்ரான் விட்டமுள்ள மண்துகள் வினாடிக்குச் சுமார் 0.8 செ.மீ. இறங்கும். உங்கள் மூக்கின் உயரம் 150 செ.மீ. என்றால், மூன்று நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். ஸ்டோக்ஸ் விதிப்படி இந்த வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே 1 மைக்ரான் துகளின் வேகம் நூறில் ஒரு பங்குதான். அது இறங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்!

அவ்வளவு நேரமும் அதை நாம் சுவாசிக்கிறோம். பெரிய தூசியை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை நுழையும். இவை ஒரு கனமீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என 2009இல் இந்தியாவில் வரம்பு வகுக்கப்பட்டது.

நீங்களே சோதிக்கலாம். இரண்டு வெள்ளை அட்டைகளில் வாசலின் தடவி, ஒன்றைத் தெருப்பக்க ஜன்னலிலும் மற்றொன்றை மொட்டை மாடியிலும் ஒரு நாள் வையுங்கள். பிறகு லென்சால் பார்த்து ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: லென்சில் நன்றாகத் தெரிபவை பெரிய துகள்களே. நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறவை அதற்கும் அகப்படா.

மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் வாசலில் நீர் தெளிப்பதைக் கண்டிருப்பீர்கள். நீரின் பரப்பு இழுவிசை மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த தரையில் ஓடும் துடைப்பமோ பாலைவனக் காற்றுக்குச் சமம். எனவே, நாளை வகுப்பறையைப் பெருக்குமுன் சிறிது நீர் தெளியுங்கள். கரும்பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். பக்கத்துப் பெஞ்சில் ஆஸ்துமா உள்ள நண்பர் இருந்தால், அவர் அன்று நிம்மதியாக மூச்சுவிடுவார்.