கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் கூட்டம்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளில் கடலடிக் காட்சிகளைக் கண்டு மயங்காதவர் யார்? நூற்றுக்கணக்கான மீன்கள் ஒரே உடலைப்போல் வளைந்து திரும்பும் அழகே அழகு! தங்கமீன் வளர்த்துப் பழகிய தோழியர் சிலருக்கு, அத்தகைய கூட்டம் ஒன்றை வீட்டுக் கூடத்திலேயே வைத்தால் என்ன என்ற ஆசை. அது கைகூடுமா என்று இங்கே ஆராய்வோம்.

முதலில் தண்ணீர். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்புக் கரிக்கிறதே, அது போதாதா? போதாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்போடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகளும் தக்க அளவில் அதில் கலந்திருக்கின்றன. இருக்கன்குடியைத் தொட்டுச் செல்லும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேர்கிறது. அதற்காக அங்கிருந்து நீரைக் குடம் குடமாகச் சுமந்து வர முடியுமா? செயற்கைக் கடலுப்பை வாங்கிக் கரைப்பதே வழி. இதில் ஒரு நுட்பம் உண்டு. கோடையில் தொட்டி நீர் ஆவியாகும். உப்போ உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறி மீன் வாடும்.

அடுத்தது கழிவு. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன; அது அவற்றுக்கே நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தச் சின்னஞ்சிறு வேலைக்காரர்கள் போதுமான அளவில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுவோர் அதைக் கொல்லவே விடுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவும் செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் உண்மையான இடையூறு. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. அதாவது சுமார் 255 லிட்டர். நீரின் எடை மட்டுமே 260 கிலோவைத் தாண்டும். நமக்கு இது பெரிய தொட்டிதான். ஆனால் குஞ்சுப் பருவத்தில் பொன்னிறமும் கறுப்புப் பட்டைகளுமாகக் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பாறை மீனை எண்ணிப் பாருங்கள். சுறாவின் மூக்குக்கு முன்னால் துணிச்சலாக நீந்தும் இந்தக் குட்டி, வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டும். ஒன்றரை அடி அகலத்தில் அது எப்படித் திரும்பும்?

சூரை மீனின் நிலை இன்னும் கடினம். பல மீன்கள் ஓரிடத்தில் நின்றபடியே வாயையும் செவுள் மூடியையும் அசைத்து நீரை இழுத்துவிடும். சூரையால் அது இயலாது. வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் செவுள்கள் வழியே நீர் பாயும். நின்றால் மூச்சும் நின்றுவிடும். இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும் இந்த மீனுக்கு மூலைகள் உள்ள தொட்டி சிறைதான்.

கூட்டமாக வாழும் மீன்களின் விலாவில் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு உண்டு. அருகில் உள்ள மீனின் அசைவால் நீரில் எழும் அதிர்வை அது உணரும்; கண்ணும் துணைசெய்யும். ஆகவேதான் மோதிக்கொள்ளாமல் திரும்புகின்றன. அவற்றில் ஒன்றைப் பிரித்துத் தனியே விட்டால் மிரண்டு இரை எடுக்காமல் கிடக்கக்கூடும். ஒன்று போதாது, பத்து வைக்கவோ இடமில்லை!

பெரும் பொருள் செலவழித்தவர்களுக்கே இது எளிதாக இல்லை. டோக்கியோவில் 1989-இல் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினப் பூங்காவில், மூலையே இல்லாத வளைய வடிவத் தொட்டி ஒன்றை 2,200 டன் நீருடன் அமைத்துச் சூரைக் கூட்டத்தை வளர்த்தனர். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அவை அடுத்தடுத்து மடியத் தொடங்கின. 2015 மார்ச் மாத முடிவில் ஒரே ஒரு சூரை எஞ்சியது. அறிஞர் பலர் கூடியும் காரணம் இதுவே என்று அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை.

"சிறிய தொட்டியில் மீன் சிறியதாகவே இருந்துவிடும்" என்பார் உண்டு. அவ்வாறு குறுகி நிற்பது நோயின் அடையாளமே. "வளர்ந்ததும் கடலில் விட்டுவிடலாம்" என்பது இன்னும் ஆபத்து. நம் இந்துமாக்கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் உரிய சிங்கமீன் இன்று அட்லாண்டிக் கடலில் பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. வளர்த்தவர்கள் கடலில் விட்டதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

நம் மாநிலத்திலேயே நல்ல செய்தியும் உண்டு. 1947-இல் மண்டபத்தில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறியது. எனினும் மண்டபம் கிளையில் ஆய்வு தொடர்ந்தது. பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த, கூட்டமாகத் திரியும் வெள்ளி நிறப் பாம்பனோவை 2011-இல் அங்கே செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தனர். இத்தகைய மீன்களைக் கடலில் மிதக்கும் வட்ட வலைக்கூண்டுகளில் வளர்க்கின்றனர். 6 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கூண்டு 1 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். அப்போதும் நீரை மாற்றும் வேலையைக் கடலே செய்துவிடுகிறது!

உயிர்த்த ஆண்டவரின் சொற்படி வீசிய வலையில் சிக்கிய 153 பெரிய மீன்களை யோவான் நற்செய்தியில் படித்திருக்கிறோம். திபேரியக் கடல் என்று பெயரிருந்தாலும் அது நன்னீர் ஏரியே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆசை விடாத தோழியர் அதே 255 லிட்டர் தொட்டியில், விரலளவே வளரும் கோமாளி மீன் ஒரு சோடி வைக்கலாம். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளா என்று கேட்டு வாங்குவது நல்லது; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. மின்சாரம் நின்றால் காற்றூட்டியும் நிற்கும்; சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும். ஆதலால் சித்திரை வெயில் வருமுன் மின்கலத்தால் இயங்கும் காற்றூட்டி ஒன்றையும் வாங்கி வைக்க வேண்டும்.