முகமும் அகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். இப்பழமொழியைத் தலைகீழாக்கிக் காட்டுவது, 1954-ஆம் ஆண்டில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்' என்னும் படம். திருவாரூர் கே. தங்கராசு இயற்றிய நாடகமே அதற்கு மூலம்.

மேனாடு சென்று மீண்ட செல்வன் மோகனசுந்தரம், மனையாள் சந்திராவைத் துறந்து காந்தா என்னும் கணிகையை நாடுகிறான். முகம் பொலிவுற்றிருந்த காலத்து அவன் அகம் இருண்டிருந்தது. தொழுநோய் முகத்தைச் சிதைத்த பின்னரே அகம் தெளிந்தது. தன் நண்பன் பாலுவே சந்திராவை மணக்குமாறு வேண்டுகிறான். சிதைந்த தன் உருவையே சிலையாக நிறுத்துமாறும், அது பிறர்க்குப் பாடமாகுமாறும் இரக்கின்றான். எம்.ஆர். ராதாவின் நடிப்பில் இம்மாற்றம் நம் நெஞ்சை உருக்குகின்றது.

ஆயினும், நோயைத் தீயொழுக்கத்தின் தண்டனையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது கிருமியால் வருவது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அக்கிருமியைக் கண்டறிந்தார். ஒழுக்கமுடையாரையும் அது பற்றும். இந்நாளில் கூட்டு மருந்தால் முற்றும் தீரும். பரமத்தி வேலூர்க் கொடிக்காலில் உழைப்பான் ஒருவன், தன் தோலில் உணர்வற்ற தேமல் ஒன்றைக் கண்டு, பழிக்கு அஞ்சி மறைப்பானாயின், அவ்வச்சமே அவனை ஊனமாக்கும். ஆதலின், மோகனுக்கு இரங்கும் நாம், அவன் பழியை நோயாளர்மேல் ஏற்றாதிருப்போமாக.