முள்ளின் நுனியில் நாதம்

இசைத்தட்டுகளோடு வளர்ந்தவர்கள் நாலு பேர் ஒரு கூடத்தில் சேர்ந்துவிட்டால் ஒரு விவாதம் எழாமல் இருப்பதில்லை. பழைய காலத்துக் கார்ட்ரிட்ஜில் இருந்த கனிவும் கனமும் இக்காலத்தில் செய்யப்படுபவற்றில் இல்லை என்று ஒரு சாரார் சொல்வார்கள்; அந்தக் கனிவு வெறும் மங்கல்தான், புதியதிலேதான் இசையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரிகிறது என்று மறு சாரார் மறுப்பார்கள். இரு தரப்பாரும் தங்கள் செவிகளையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்; எவர் செவியும் பொய் சொல்வதில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட வித்தியாசத்துக்குக் காரணம் காலமே என்று முடிவு கட்டுவது அவசரமான தீர்ப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். காரணம் முள்ளின் வடிவத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் ரப்பரின் பதத்தில் இருக்கிறது. அது பொருத்தப்பட்ட கையின் எடையில் இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் என்பது டர்ன்டேபிளின் கை நுனியில், கட்டை விரல் அளவே உள்ள ஒரு சிறு கூடு. அதன் அடியில் மெல்லிய தண்டு ஒன்று நீண்டிருக்கும். தண்டின் முனையில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஒரு வைரத் துணுக்கு. தண்டின் மறு முனையில் காந்தமோ கம்பிச் சுருளோ. இவற்றையெல்லாம் அசையவும் விட்டு, அளவோடு அடக்கியும் வைக்கிற ஒரு ரப்பர் வளையம். தட்டின் பள்ளத்துச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள நெளிவுகள் வைரத்தை அசைக்க, அந்த அசைவு தண்டின் வழியே சென்று மின்சாரமாக மாறுகிறது. காந்தம் அசைந்தால் அது ‘மூவிங் மேக்னெட்’. சுருள் அசைந்தால் ‘மூவிங் காயில்’. இருபது நிமிஷம் ஓடுகிற ஓர் எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் அந்த வைரத் துணுக்கு ஏறத்தாழ 430 மீட்டர் தூரம் பள்ளத்தின் வழியே பயணம் செய்துவிடுகிறது என்று கணக்கிட்டால், அதன் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

பழையது என்ற சொல்லுக்குள் பல தரங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ரேடியோகிராம்களிலும் பெட்டி வடிவப் பிளேயர்களிலும் இருந்தவை பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜுகள். கிரிஸ்டல் வகையில் ரோஷெல் உப்பு என்ற படிகம் நெளியும்போது மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் வலுவாக இருந்தபடியால் கருவியின் விலையைக் குறைக்க முடிந்தது. ஆனால் உஷ்ணமும் ஈரக்காற்றும் அந்தப் படிகத்துக்குப் பரம சத்துருக்கள்; நம்முடைய கடற்கரை ஊர்களில் அவை எவ்வளவு காலம் நல்ல நிலையில் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். நம்மில் பலர் ‘பழைய ஒலி’ என்று நெஞ்சில் வைத்துப் போற்றுவது பெரும்பாலும் இந்தப் படிகமும் வால்வு ரேடியோவும் மரப்பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரும் கூடி உண்டாக்கிய ஒலியே. அதன் இனிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காலத்தின் மிகச் சிறந்த கார்ட்ரிட்ஜின் ஒலி அதுவன்று.

மிகச் சிறந்தவற்றுக்கு உதாரணமாக இரண்டைச் சொல்லலாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்ட்டோஃபோன் நிறுவனம் 1950களின் இறுதியில், ஸ்டீரியோ தட்டுகள் வெளிவரத் தொடங்கிய தறுவாயிலேயே, ராபர்ட் குட்மாண்ட்சென் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் எஸ்பியு என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை வெளியிட்டது. ஜப்பானில் டெனான் நிறுவனம் அந்நாட்டு ஒலிபரப்பு நிலையமான என்எச்கேயுடன் சேர்ந்து 1960களின் முற்பகுதியில் டிஎல்-103 என்ற கார்ட்ரிட்ஜை உருவாக்கியது. இவ்விரண்டின் வம்சமும் இன்றளவும் அறுபடவில்லை. புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. டிஎல்-103இன் முள் நுனி உருண்டையானது. அதன் ஆரம் 16.5 மைக்ரான். தட்டின் மேல் 2.5 கிராம் பாரத்தோடு அது இறங்கும். அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் 0.3 மில்லிவோல்ட்தான், சாதாரண மூவிங் மேக்னெட் தருவதில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். எஸ்பியுவோ இன்னும் கனமானது. 4 கிராம் பாரத்தை அது விரும்பும்.

இவற்றைக் கேட்டவர்கள் ஒருமுகமாகச் சொல்லும் குணம், குரலின் சரீரம். பாடுபவரின் சாரீரத்துக்கு நெஞ்சும் மூச்சும் இருக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற அடி வெறும் சப்தமாக இல்லாமல் ஒரு கனமாக வந்து விழுகிறது. இதற்குக் காரணம் மாயமன்று. கெட்டியான ரப்பரும், கணிசமான பாரமும், உருண்டையான நுனியும் சேர்ந்து பள்ளத்தை உறுதியாகப் பற்றிக் கொள்கின்றன; கை சற்றே கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் உருண்டை நுனி அதைப் பெரிதுபடுத்துவதில்லை. டிஎல்-103 ரசிகர்களை மயக்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒலிபரப்பு நிலையத்தில் ஓயாமல் உழைப்பதற்கும், தட்டில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புவதற்கும் செய்யப்பட்ட ஓர் அளவுகோல். ஆகவே பழையதெல்லாம் மங்கல் என்ற வாதம் இதனிடத்தில் செல்லாது.

எனினும் உருண்டை நுனிக்கு ஒரு வரம்பு உண்டு; அது கணக்கில் எழுதப்பட்ட வரம்பு. தாய்த்தட்டைச் செதுக்கும் உளி கூரான விளிம்புடையது. அதைப் படிக்கும் முள்ளோ உருண்டை. 33⅓ சுழற்சித் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர். லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வினாடிக்கு 10,000 அதிர்வுகள் உள்ள ஒரு மேல் ஒலியை எடுத்துக் கொண்டால், அதன் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் இடம் கிடைக்கிறது; உள்ளே 21 மைக்ரான்தான். 33 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டை அந்த இடுக்கில் எப்படிப் புகுந்து புறப்படும்? அலை சிறியதானால் சமாளித்துக் கொள்ளும். ஓங்கியதானால் பள்ளத்தில் இறங்காமல் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு தாவிவிடும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஸகாரமும் ஷகாரமும் வரும் இடங்களில் குரல் பிசிறடிப்பதையும், ஜால்ராவின் கணீரென்ற நாதம் நொறுங்குவதையும் நீங்கள் கேட்டிருந்தால், அதன் மூலகாரணங்களில் ஒன்று இதுவே.

புதுமை என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவின் ஷுயர் நிறுவனம் 1964இல் வெளியிட்ட வி15 கார்ட்ரிட்ஜ், உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவ நுனியைப் பலரும் அறியச் செய்தது. 1973இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஒரு கிராம் அளவே உள்ள பாரத்தில் ஓடியது. அதே காலத்தில், ஒரே தட்டில் நான்கு திசை ஒலியையும் அடக்க முயன்ற ஜப்பானின் ஜேவிசி நிறுவனம், 30,000 அதிர்வுகளில் ஒரு துணை அலையைப் பள்ளத்தில் பொறிக்க வேண்டியிருந்தது. மனிதச் செவிக்கே எட்டாத அந்த நுண்ணிய நெளிவைப் பழைய முட்கள் படிக்க முடியாதபடியால், நோரியோ ஷிபாட்டா என்பவர் சுவரை ஒரு புள்ளியில் தொடாமல் நெடுக ஒரு கோடாகத் தொடும் நுனியை வடிவமைத்தார். நான்கு திசைத் தட்டுகள் சில ஆண்டுகளில் மறைந்துபோயின; அவற்றுக்காகப் பிறந்த முள் மட்டும் நிலைத்தது. இன்று உயர்தரமான கார்ட்ரிட்ஜுகளில் காணப்படும் கோட்டு வடிவ முட்களில் பல அந்தச் சிந்தனையின் சந்ததிகளே.

இந்த வித்தியாசத்தைத் தனித்துப் பரிசோதிக்க இக்காலத்தில் ஓர் அருமையான வாய்ப்பு இருக்கிறது. ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் விஎம்95 வரிசையில் கூடு ஒன்றே. உருண்டை, முட்டை வடிவம், ஷிபாட்டா, மைக்ரோலீனியர் என்று முள்ளை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். ஒரே சுருள், ஒரே கை. மாறுவது முள் பகுதி ஒன்றே. தட்டின் முதல் பாட்டில் இவற்றிடையே வேற்றுமை காண்பதற்குக் கூர்ந்து கேட்க வேண்டும். கடைசிப் பாட்டிலோ வேற்றுமை தானாகவே வந்து செவியில் விழும். உருண்டையில் வயலின் தடித்துச் சற்றே மூடுண்டு ஒலிக்கும். கோட்டு வடிவ முள்ளில் வில் கம்பியின் மேல் உராய்வதும் தெளிவாகும். பழைய ஒலி, புதிய ஒலி என்று நாம் பிரித்துப் பேசியவற்றின் பெரும்பகுதி, ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரு முட்களுக்கிடையே இவ்வாறு வெளிப்பட்டுவிடுகிறது.

கையின் எடையையும் சொல்லாமல் விடலாகாது. கெட்டியான ரப்பருள்ள பழைய கார்ட்ரிட்ஜ் கனமான கையைக் கேட்கும்; இளகிய ரப்பருள்ளது இலேசான கையைக் கேட்கும். ரப்பரின் நெகிழ்வும் கையின் எடையும் கூடி உண்டாக்கும் இயற்கையான ஆட்டம், வினாடிக்கு 8 முதல் 12 அதிர்வுகளுக்குள் நிற்க வேண்டும் என்பது நிபுணர்களின் விதி. அதற்குக் கீழே போனால் தட்டின் கோணலுக்கெல்லாம் கை துள்ளும்; மேலே போனால் கீழ்ஸ்தாயி இசையே கலங்கும். டிஎல்-103ஐ இலேசான கையில் மாட்டிவிட்டு அதைப் பழிப்பவரும், இளகிய ரப்பருள்ள ஒன்றைக் கனத்த கையில் மாட்டிவிட்டு அதைப் பழிப்பவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

இன்னொரு பிழை இதனினும் பெரிது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜை இன்று பெட்டியிலிருந்து எடுத்துக் கேட்பவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது ஒலித்தபடி அதைக் கேட்கவில்லை. வைரம் கெடாமல் இருக்கலாம். ரப்பர் அப்படி இராது. அது இறுகினால் கீழ்ஸ்தாயி மெலிந்து ஒலி வறண்டுவிடும். தளர்ந்தால் கூடு தட்டின்மேல் தொய்ந்துவிடும். முதுமையின் நோயைக் காலத்தின் குணமென்று மயங்கிப் புகழ்வதும் நியாயமன்று, இகழ்வதும் நியாயமன்று.

என் முடிவு இது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த ஒற்றை ஒலித் தட்டுகளுக்கு, நல்ல நிலையில் உள்ள உருண்டை முள்ளும் கனமான கையும் இன்றும் தலைசிறந்த துணை. அதற்குப் பிந்திய தட்டுகளுக்கு, அதிலும் பக்கத்தின் கடைசி வரை இசை நெருங்கிப் பொறிக்கப்பட்டவற்றுக்கு, கோட்டு வடிவ முள்ளே நீதி செய்யும். தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகளை வைத்திருப்பவர்கள் இவ்விரண்டையும் அவற்றின்மேல் வைக்கவே கூடாது. அந்த அகன்ற பள்ளத்துக்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரமுள்ள தனி முள் வேண்டும். எல்பி முள் அதன் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகுமேயன்றிப் பாட்டைத் தொடாது.

பரணிலிருந்து டர்ன்டேபிளை இறக்கியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழையதா புதியதா என்று வாதிடுவதற்கு முன்னால், முள்ளை ஒரு பூதக்கண்ணாடியில் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தேய்ந்து விளிம்பு கட்டிய வைரம் முள்ளாக இல்லாமல் உளியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்துச் சுவரைச் சீவிக்கொண்டே போகிறது. முள்ளைக் கடையில் வாங்கிவிடலாம். அது சீவி எறிந்த குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.